தடைக்காலம் முடிகிறது, படகின் மீன் அறையில் இறங்கணும்: இதற்கெல்லாம் பயிற்சி தேவையா?

வடகடல் தம்பி

எங்கள் விசைப்படகு ஏப்ரல் 15-இலிருந்து மண்டபத்தில் சும்மா கிடக்கிறது. ஜூன் 14 நள்ளிரவோடு 61 நாள் தடை முடிகிறது. அதற்குள் மீன் அறையைக் கழுவி, உள்ளே ஃபைபர் பெயர்ந்த இடத்தில் ஒட்டி, ஐஸ் ஏற்றத் தயாராக்க வேண்டும். கடைசி டிரிப்பில் சங்காயம் என்கிற கழிவு மீன்தான் அதிகம், இறக்கியதும் வேலையாட்கள் மேலோட்டமாகத் தண்ணீர் அடித்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். நேற்று மூடியைத் தூக்கியதும் அழுகல் வாடை குப்பென்று அடித்தது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

என் சிநேகிதன் சவுதிக்கு ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பழுது வேலைக்கு, போவதற்காக கன்ஃபைண்ட் ஸ்பேஸ் (மூடின குறுகல் இடத்தில் இறங்கி வேலை பார்க்கும்) பயிற்சி முடித்து கார்டு வாங்கி வந்திருக்கிறான். அவன் "இறங்காதே, திரும்ப ஏற மாட்டாய்" என்கிறான். அப்பா "நாங்கள் இறங்காத அறையா" என்கிறார். அந்தப் பயிற்சி நம் படகுக்குப் பொருந்துமா, இல்லை எண்ணெய் கம்பெனிக்கு மட்டுந்தானா?

ஆழ்கடல் டிரைவர்

ராத்திரி முழுக்க மூடியைத் திறந்து போடு. காலையில் கடல் தண்ணீர் அடி. வாடை போனதும் இறங்கு. ராமேஸ்வரம் ஜெட்டியில் இத்தனை படகு நிற்கிறது, எல்லாரும் கார்டு வாங்கிக்கொண்டா இறங்குகிறார்கள்? கோர்ஸ் நடத்துகிறவனுக்குக் காசு வேண்டும், அவ்வளவுதான்.

வேதாளை வெட்டி ஆபீசர்

டிரைவர் அண்ணன் வீட்டில் அண்ணி சமையற்கட்டுக்குள் விடுவதற்கே கார்டு கேட்கிறார்களாம்.

கீழக்கரை காக்கா

தம்பி, உன் சிநேகிதன் சொன்னது சரி. அந்தப் பயிற்சி எண்ணெய் கம்பெனிக்கு மட்டும் என்று யார் சொன்னது? ஆள் நுழைய முடியும், ஏற இறங்க ஒரே ஒரு சின்ன வாய்தான், உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கக் கட்டப்பட்டதல்ல, இந்த மூன்றும் இருந்தால் அது கன்ஃபைண்ட் ஸ்பேஸ், அது சவுதி ஜுபைலில் இருக்கும் டேங்காக இருந்தாலும் சரி, மண்டபத்தில் நிற்கும் படகாக இருந்தாலும் சரி. நான் வளைகுடாவில் ஷட்டவுன் சேஃப்டியில் இருந்து ஊர் திரும்பினவன். அங்கே ஒரு டேங்குக்குள் ஆளை இறக்க அத்தனை பேப்பர் பார்க்கிறோம், இங்கே நம் பிள்ளைகள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள்.

நீ எழுதியதிலேயே எனக்குப் பயம் தந்த வரி "வாடை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது" என்பதுதான். மீன் அழுகினால் வருவது ஹைட்ரஜன் சல்பைடு. ஒரு பிபிஎம் அளவு, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே அழுகின முட்டை மாதிரி நாறும், அதனால் எல்லாரும் மூக்கை நம்புகிறோம். ஆனால் 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது. 700, 1000 என்று ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான், கத்தக்கூட நேரம் இருக்காது. ஆக வாடை போய்விட்டது என்றால் வாயு போயிருக்கலாம், உன் மூக்கும் போயிருக்கலாம். இரண்டில் எது என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது, வாயு அளக்கும் மீட்டர்தான் சொல்லும்.

அது காற்றை விடக் கனமான வாயு. அறையின் அடியிலேயே தேங்கும். மூடியைத் திறந்து போட்டால் மேலே கொஞ்சம் கலையும், அடியில் அப்படியே கிடக்கும். நீ குனிந்து சேற்றை அள்ளுகிற இடம்தான் அந்த அடி.

ஆழ்கடல் டிரைவர்

காக்கா, நீங்கள் பெரியவர், மறுத்துப் பேசவில்லை. ஆனால் எங்களிடமும் முறை இருக்கிறது. கயிற்றில் அரிக்கேன் விளக்கை இறக்குவோம். எரிந்தால் இறங்கலாம், அணைந்தால் கூடாது. ஊர்ப் பக்கம் கிணறு தூர்வாருகிறவர்கள் வேப்பங்கொத்தைக் கட்டி இறக்கி அலசுவார்கள். இதெல்லாம் அனுபவத்தில் வந்தது.

கீழக்கரை காக்கா

டிரைவர் தம்பி, விளக்கு பொய் சொல்லாது, ஆனால் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது ஏறத்தாழ 16-க்கு இறங்கினால்தான் விளக்கு அணையும். கம்பெனியில் 19.5-க்குக் கீழே போனாலே ஆளை இறக்க மாட்டோம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆளை அடித்துப் போடும் 1000 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு என்பது காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். மிச்சக் காற்று அப்படியே இருக்கும், விளக்கு ஜம்மென்று எரியும். அந்த வெளிச்சத்தை நம்பி இறங்கினவன் கீழே கிடப்பான். அப்புறம், உள்ளே மீத்தேனோ, ஃபைபர் வேலைக்கு ஊற்றின ரெசின், தின்னர் ஆவியோ இருந்தால் விளக்கை இறக்குவது தீக்குச்சி கிழித்துப் போடுவதற்குச் சமம்.

வேப்பங்கொத்து காற்றைக் கொஞ்சம் கலைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு கலைத்தது என்று யார் அளந்தது? கொத்து அடிச்சேற்றில் பட்டுக் கிளறிவிட்டால் இன்னும் மோசம். சேற்றுக்குள் சிறைப்பட்டிருக்கும் வாயு கிளறக் கிளற வெளியே வரும். இறங்கும்போது மீட்டர் பூஜ்யம் காட்டிய அறை, மண்வெட்டி போட்ட சில நிமிஷத்தில் அலறும். அதனால்தான் மீட்டரை மேலே வைத்துவிட்டுப் போகக்கூடாது, இறங்குகிறவன் நெஞ்சில் மாட்டியிருக்க வேண்டும், மூச்சு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில்.

உச்சிப்புளி மேஸ்திரி

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். படகு எனக்குத் தெரியாது, கட்டட வேலை தெரியும். நம் பக்கம் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவதற்கு வீட்டுக்கு வீடு சம்ப் கட்டுகிறார்கள். மேல் கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பலகையை உள்ளேயே விட்டு, சின்ன வாயை மூடிவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பிரிப்பார்கள். புது சம்ப், ஒரு சொட்டுக் கழிவுநீர் போனதில்லை, வாடையும் இல்லை. பலகை பிரிக்க இறங்கின பையன் மயங்கி விழுந்தான் என்று பேப்பரில் அடிக்கடி வருகிறதே, அது எப்படி? ஷாக் என்கிறார்கள், விஷவாயு என்கிறார்கள்.

கீழக்கரை காக்கா

நல்ல கேள்வி. ஈரப் பலகை உளுத்துப் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கிருமிகள் மூடின சம்புக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விடும். விஷம் என்று தனியாக எதுவும் வர வேண்டியதில்லை, ஆக்சிஜன் குறைந்தாலே போதும். 10 சதவீதத்துக்குக் கீழே போன காற்றில் ஆள் மயங்குவான், 6-க்குப் பக்கத்தில் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். மூச்சு முட்டுகிறது என்று சுதாரிப்பதற்குள் ஆள் விழுந்துவிடலாம், அதுதான் கொடுமை. துரு பிடிக்கிற இரும்புத் தொட்டியிலும் இதே கதை. இரும்பு துருவாக ஆக்சிஜன் செலவாகும், பல நாள் மூடிக் கிடந்த காலித் தொட்டியே ஆளைக் கொல்லும்.

உள்ளே ஷாக்கும் நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஈரச் சம்புக்குள் 230 வோல்ட் பல்பை ஒயரில் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் இதற்கென்றே எழுதினார்கள்: தொட்டி, குழிக்குள் கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. படகுக்காரர்களுக்கு இது சுலபம், பேட்டரி லைட் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கரையிலிருந்து ஒயர் இழுக்காமல் இருந்தால் போதும்.

மேஸ்திரி, இன்னொன்று. கிணற்றுக்குள்ளோ சம்புக்குள்ளோ டீசல், பெட்ரோல் மோட்டாரை இறக்கித் தண்ணீர் இறைக்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

தங்கச்சிமடம் வெல்டர்

பயிற்சியைப் பற்றி நான் சொல்கிறேன், காசு கட்டினவன் நான். ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன், பேர் வேண்டாம். ஏசி ரூமில் ஒரு வீடியோ, நடுவில் டீயும் வடையும், பத்துக் கேள்வி, பதிலையும் அவர்களே சொன்னார்கள், மத்தியானம் போட்டோ ஒட்டின கார்டு கையில். வெளிநாட்டில் முதல் நாள் சேஃப்டி ஆபீசர் வாயு அளக்கும் கேஸ் டிடெக்டரைக் கையில் கொடுத்து பம்ப் டெஸ்ட் (bump test, மெஷின் சரியாக அலாரம் அடிக்கிறதா என்ற சோதனை) செய்து காட்டு என்றார். அதுவரை அந்த மெஷினை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். திரும்ப அங்கேயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுதான் பயிற்சி, முன்னால் நடந்தது வசூல்.

ஆழ்கடல் டிரைவர்

இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்.

கீழக்கரை காக்கா

நீங்கள் சொன்னது பயிற்சியே வேண்டாம் என்று. வெல்டர் தம்பி சொல்வது பயிற்சி கொடுக்கவில்லை என்று. ரொம்ப வித்தியாசம் இருக்கிறது.

காசு கட்டும் முன்னால் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். மேன்ஹோல் மாதிரி கட்டி வைத்திருக்கிறார்களா? ஆளைத் தூக்க வாய்க்கு மேலே நிறுத்தும் முக்காலி, கையால் சுற்றும் வின்ச், முழு உடம்பையும் பிடிக்கும் பெல்ட்டான ஹார்னஸ் இருக்கிறதா? இருட்டுக் குழாய்க்குள் ஒருமுறையாவது ஊர்ந்து போக வைக்கிறார்களா? அதில் போய்விட்டு வெளியே வந்தவனுக்குத்தான் தனக்கு மூடின இடம் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியும். நாலு வாயுவை அளக்கும் டிடெக்டரை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். பம்ப் டெஸ்ட் என்பது அளவு தெரிந்த வாயுவைக் கொஞ்சம் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது, தினமும் வேலை தொடங்கும் முன் செய்வது. அளக்கும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு எரியும் வாயு, கடைசியில் விஷவாயு. ஏனென்றால் எரியும் வாயுவைப் பார்க்கும் சென்சார் பலவற்றுக்கு ஆக்சிஜன் இருந்தால்தான் சரியான கணக்கு வரும். மேல், நடு, அடி மூன்று இடத்திலும் அளக்கணும். குழாய் விட்டு உறிஞ்சிப் பார்க்கிறவர்கள் அந்தக் காற்று குழாய் முழுக்கக் கடந்து மீட்டருக்கு வந்து சேரும் வரை பொறுக்கணும், முக்கால்வாசிப் பேர் இதில்தான் அவசரப்படுகிறார்கள்.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. வெளியே நிற்கிறவனின் பாடம். நல்ல பயிற்சியில் பாதி நேரம் அதற்குத்தான் போகும். வளைகுடாவில் ஹோல் வாட்ச் என்று தனி ஆள் போடுவார்கள், வாசலை விட்டு நகரக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, உள்ளே யார் யார், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதுவான், பேச்சு நின்றால் வேலையை நிறுத்துவான். எது நடந்தாலும் தான் உள்ளே இறங்க மாட்டான்.

ஆழ்கடல் டிரைவர்

அதெப்படி காக்கா? கீழே விழுந்து கிடக்கிறவன் என் மச்சான். நான் மேலே நின்று நோட்டில் டைம் எழுதிக்கொண்டிருக்கவா? கம்பெனியில் யாரோ யாருக்கோ காவல். படகில் இறங்குகிறவன் அண்ணன், மேலே நிற்கிறவன் தம்பி. எந்தத் தம்பி குதிக்காமல் நிற்பான், சொல்லுங்கள்.

தொண்டி நர்ஸ்

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். டிரைவர் அண்ணே, நீங்கள் சொல்கிற அந்தத் தம்பிதான் எங்களிடம் இரண்டாவதாக வருவார். இப்படிப்பட்ட கேஸ் ஒற்றையாக வருவது குறைவு, ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒன்றாகக் கொண்டுவருவார்கள். முதலில் இறங்கினவர் வேலைக்காக இறங்கினவர், மற்றவர்கள் தூக்கப் போனவர்கள். அமெரிக்காவில் நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் 1986-இல் கொடுத்த எச்சரிக்கையிலேயே இருக்கிறது, இப்படிச் சாகிறவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள். முதலில் விழுந்தவரைக் கயிற்றால் இழுத்திருந்தால் அவரும் பிழைத்திருப்பார், மற்றவர்களும் வந்திருக்க மாட்டார்கள்.

ஆக்சிஜன் இல்லாமல் மூளை தாங்குவது நாலைந்து நிமிஷம். 101, 108 கூப்பிடுங்கள், கட்டாயம் கூப்பிடுங்கள், ஆனால் ஜெட்டிக்கு அவர்கள் வந்து சேருவதற்கு அதைவிட நேரம் ஆகும். முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு இறங்குவதும், கொரோனாவுக்கு வாங்கின மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்குவதும் ஒன்றுக்கும் உதவாது. எந்தத் துணியும் ஆக்சிஜன் கொடுக்காது. வெளியே எடுத்ததும் காற்றோட்டமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், ஆளைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். சிபிஆர் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும், அதை உங்கள் சங்கத்தில் வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார்.

கீழக்கரை காக்கா

அல்ஹம்துலில்லாஹ், நர்ஸ் தங்கச்சி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் டிரைவர் தம்பி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லணும். யாரும் வேடிக்கை பார்க்கச் சொல்லவில்லை. மேலே நிற்கிறவன் கையில் ஒன்றும் இல்லையென்றால் அவன் குதிக்கத்தான் செய்வான், நானாக இருந்தாலும் குதிப்பேன். அதனால் இறங்குவதற்கு முன்னாலேயே இறங்குகிறவன் உடம்பில் ஹார்னஸ் மாட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே இருப்பவன் கையில் கொடுத்துவிடணும். அப்போது விழுந்த நொடியில் அவனுக்கு ஒரு வேலை இருக்கும், இழுக்கிற வேலை. அந்தத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவும் இதைத்தான் கேட்டது: தகுதியான ஆள் சோதித்து வாயு இல்லை என்று எழுத்தில் தரணும், இல்லையென்றால் இறங்குகிறவன் சுவாசக் கருவி மாட்டி, பெல்ட்டில் கட்டின கயிற்றின் முனையை வெளியே ஒருவன் பிடித்திருக்கணும்.

இடுப்பில் கட்டின கயிறு உதவாது. மயங்கினவனை இடுப்பில் இழுத்தால் உடம்பு இரண்டாக மடங்கி மூடி வாயில் சிக்கும். ஹார்னஸில் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில் வளையம் இருக்கும், அங்கே மாட்டினால் ஆள் நெட்டுக்குத்தாக வருவான்.

வடகடல் தம்பி

காக்கா, எங்கள் அப்பா அறுபது எழுபது கிலோ இருப்பார். கையால் இழுத்து மேலே தூக்க முடியுமா? வலை இழுக்கிற வின்ச்சில் போட்டால்?

ஆழ்கடல் டிரைவர்

வின்ச்சில் போடாதே தம்பி! அது இன்ஜினில் ஓடுவது, மூடி விளிம்பில் தோளோ தலையோ மாட்டினாலும் அதற்குத் தெரியாது, பிய்த்துக்கொண்டு வரும். கப்பி போடு. மூடிக்கு நேர் மேலே வலை தூக்குகிற கம்பத்திலிருந்து ஒரு கட்டை தொங்கவிட்டு இரட்டைக் கப்பியில் கயிறு போட்டால் இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம். ஐஸ் கட்டியே அப்படி இறக்கியிருக்கிறோம். முதலில் ஒரு மூட்டை உப்பைக் கட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆளை இறக்கு.

கீழக்கரை காக்கா

இதை நான் சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. மூட்டை கட்டிப் பார்க்கிறது அருமை.

வேதாளை வெட்டி ஆபீசர்

டிரைவர் அண்ணன் கட்சி மாறிவிட்டார், எல்லாரும் சாட்சி.

உச்சிப்புளி மேஸ்திரி

வீட்டு செப்டிக் டேங்குக்கும் இதேதானா? வீட்டுக்காரர்கள் ஆள் இறக்கச் சொல்லி என்னைத்தான் தொந்தரவு செய்கிறார்கள்.

கீழக்கரை காக்கா

அதில் பேச்சே இல்லை மேஸ்திரி. பாதுகாப்பு இல்லாமல் ஆளை செப்டிக் டேங்கில் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், இறக்கச் சொன்னவர் மேல் கேஸ் வரும். இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. உறிஞ்சுகிற லாரி கூப்பிடச் சொல்லுங்கள். லாரி வாடகை ஜாஸ்தி என்கிறவரிடம் இந்த 30 லட்சத்தைச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் வெல்டர்

டிடெக்டர் விலைதான் இடிக்கிறது. ஒரு படகுக்காரர் தனியாக வாங்க மாட்டார். சங்கத்துக்குப் பொதுவாக இரண்டு வாங்கி வைத்தால் என்ன?

கீழக்கரை காக்கா

வாங்கலாம். ஆனால் வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிற சாமான் அல்ல அது. உள்ளே இருக்கும் சென்சார்கள் உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் இரண்டு மூன்று வருஷத்தில் செத்துப்போகும், நம் உப்புக் காற்றுக்கு அதைவிட முன்னாலேயே தகராறு செய்யலாம். ஒருவர் பொறுப்பில் இருக்கணும், காலிபரேஷன் (அளவைச் சரிபார்த்த) தேதி அட்டையில் எழுதி ஒட்டணும், பம்ப் டெஸ்ட் கேஸும் சேர்த்து வாங்கணும். இதற்கெல்லாம் வருஷா வருஷம் செலவு இருக்கிறது என்பதை வாங்குகிற கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் செத்த மீட்டரின் பூஜ்யத்தைப் பார்த்து நல்ல ஆள் இறங்குவான், அது மீட்டரே இல்லாததை விட மோசம்.

வடகடல் தம்பி

அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். நர்ஸ் அக்கா எழுதியதைக் கேட்டதும் ஒன்றும் பேசவில்லை, "சரி, அந்தக் காக்காவிடம் என்ன செய்யணும்னு கேளு" என்றார். சிநேகிதன் வேலை செய்த கான்ட்ராக்டரிடமிருந்து டிடெக்டரும் ஹார்னஸும் சனிக்கிழமைக்குக் கிடைக்கும். காற்று ஊதும் புளோயர் யாரிடமாவது இருக்கிறதா?

ஆழ்கடல் டிரைவர்

என்னிடம் இருக்கிறது, ஃபைபர் வேலைக்கு வாங்கினது, மடக்குக் குழாயும் உண்டு. வந்து எடுத்துக்கொள். கப்பியும் தருகிறேன். கயிறு மட்டும் புதுசாக வாங்கு, வலைக்கயிறு வழுக்கும்.

கீழக்கரை காக்கா

புளோயர் மேல்தளத்திலேயே இருக்கட்டும், மோட்டாரை உள்ளே இறக்காதே. குழாய் முனை அறையின் அடி வரை போகணும், நல்ல காற்றை அடியில் தள்ளினால்தான் கனமான வாயு மேலேறி வாய் வழியாக வெளியேறும். ஜெனரேட்டர் புகை புளோயர் இழுக்கிற பக்கம் வராத மாதிரி ஜெனரேட்டரைக் காற்று அடித்துப் போகிற பக்கம் வை, மூடி வாயிலிருந்து வெளியேறுகிற காற்றில் யாரும் முகத்தைக் காட்டக் கூடாது. முதலில் ஆள் இறங்காமலே மேலிருந்து ஹோஸில் அடித்துச் சேற்றைக் கரைத்துப் பம்ப் வைத்து இறைத்துவிடு, அப்போதுதான் வாயு அதிகமாகக் கிளம்பும், புளோயர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அதற்கப்புறம் மூன்று மட்டத்திலும் அள. ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5-க்கும் நடுவில் இருக்கணும், ஹைட்ரஜன் சல்பைடு பூஜ்யம் காட்டணும், அப்போதும் புளோயரை நிறுத்தாமல்தான் ஆள் இறங்கணும். யாராவது வெல்டிங் ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் நல்லது என்று யோசனை சொன்னால் விரட்டிவிடு, ஒரு பொறி போதும், சட்டை பற்றிக்கொள்ளும்.

ஃபைபர் ஒட்டுகிற வேலையை அன்றைக்கே வைக்காதே, ரெசின் ஆவி தனிக் கணக்கு. வேறு நாள் வை, அன்றைக்கு பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது, புளோயரின் குழாய்க்கு எர்த் போட்டிருக்கணும்.

தொண்டி நர்ஸ்

சனிக்கிழமை எனக்கு டூட்டி இல்லை. எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள்?

வடகடல் தம்பி

காலை ஏழு மணி அக்கா, வடக்கு ஜெட்டி. சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

வேதாளை வெட்டி ஆபீசர்

என்ன குழம்பு என்று சொன்னால் கயிறு பிடிக்க நானும் வருகிறேன்.

ஆழ்கடல் டிரைவர்

வா, ஆனால் போனை வீட்டில் வைத்துவிட்டு வா.